தேடல் பெட்டியில் மனைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்: முதல் தடவை போடுபவர்களுக்கு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு வரிசை டைல்ஸ் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். வருகிறவர்கள் வெயில் பட்டு வெளுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை. உண்மையில் அது என் கணக்கு.

மேஸ்திரி கூடத்தை அளந்து, செங்கல் ரசீதின் பின்புறத்தில் 14.10, 18.11 என்று எழுதிக் கொடுத்தார். 14 அடி 10 அங்குலம், 18 அடி 11 அங்குலம் என்று அர்த்தம். நான் கடையில் நின்றுகொண்டே போனில் கூகுளைத் திறந்து 14.10*18.11 என்று அடித்தேன். 255.351 என்று விடை வந்தது. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 18 பெட்டி வாங்கினேன். உண்மையான பரப்பு 280.6 சதுர அடி. 20 பெட்டி வேண்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனால், டிசைன் இருந்தது, அந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான, ஒரே நிறத் தொகுதி) இல்லை.

கூகுளின் தேடல் பெட்டி தப்பாகப் பெருக்கவில்லை. நான் அடியையும் அங்குலத்தையும் தசமப் புள்ளியால் ஒட்டிக் கொடுத்ததுதான் தப்பு. அதற்கப்புறம் மனைப் பரப்பு, பத்திரச் செலவு, தளக் கான்கிரீட், கடன் தவணை என்று எல்லாவற்றையும் இதே பெட்டியில்தான் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் இருந்தது. சிலவற்றில் விழுந்தேன், சிலவற்றைக் கடைசி நேரத்தில் பார்த்துவிட்டேன்.

1. உட்காரும் முன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

மனைக் கணக்கு என்றால் பட்டா, கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கம், புல வரைபடம் (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் படம்). கட்டுமானக் கணக்கு என்றால் வீட்டு வரைபடமும் கடைக்காரர் தந்த விலைப்புள்ளியும் (கொட்டேஷன்). கடன் என்றால் வங்கி தந்த வட்டி விகிதமும் மாத எண்ணிக்கையும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நோட்டுப் புத்தகம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெட்டியில் போட்ட கணக்கு பக்கத்தை மூடினால் போய்விடும்.

செலவு இல்லை. நெட் மட்டும் வேண்டும். சிக்னல் இல்லாத மனையில் நின்றுகொண்டு இதை நம்ப முடியாது, போனில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர்தான் கதி. முதல் தடவை எல்லாம் பழக அரை மணி நேரம் ஆகும். முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் இரவு போடுங்கள். தரகர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போடாதீர்கள்.

2. பெட்டியை வரவழைப்பது

கூகுளில் தேடும் இடத்தில் 45*27 என்று அடித்தால், விடையோடு பொத்தான்கள் உள்ள ஒரு கால்குலேட்டர் மேலே வரும். கூட்ட +, கழிக்க -, பெருக்க *, வகுக்க /, அடுக்குக்கு ^. பிங், டக்டக்கோ போன்ற மற்றத் தேடுபொறிகளிலும் இதே வசதி உண்டு. நான் பழகியது கூகுள் என்பதால் அதையே சொல்கிறேன்.

சில சமயம் கணக்கைக் கணக்காக எடுத்துக்கொள்ளாமல் வெறும் தேடல் முடிவுகளைக் கொட்டும். அப்போது கடைசியில் ஒரு = போட்டுப் பாருங்கள்.

மேலே வருவதெல்லாம் கால்குலேட்டர் விடை அல்ல. ஏதோ ஒரு ரியல் எஸ்டேட் தளத்திலிருந்து வெட்டி எடுத்த வரியாகவும் இருக்கலாம், செயற்கை நுண்ணறிவு எழுதிய பத்தியாகவும் இருக்கலாம். எண் பொத்தான்கள் இருந்தால் அது கால்குலேட்டர். இரண்டு கட்டமும் அலகுப் பட்டியலும் இருந்தால் அது அலகு மாற்றி. இரண்டும் இல்லையென்றால் அந்த எண்ணை நோட்டில் எழுதாதீர்கள்.

லட்சம், கோடிக்கு நடுவில் காற்புள்ளி போடாமல் எண்களை மட்டும் அடியுங்கள். பூஜ்யம் எண்ணுவதில் தடுமாற்றம் இருந்தால் 25 லட்சத்தை 25*10^5 என்று எழுதலாம். நான் இன்றைக்கும் அப்படித்தான்.

அடைப்புக்குறியைச் சோம்பல் இல்லாமல் போடுங்கள். பெட்டி முதலில் பெருக்கி வகுத்துவிட்டுத்தான் கூட்டும். முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 32 அடி, நீளம் 50 அடி உள்ள மனைக்கு (30+32)/2*50 என்று அடித்தால் 1550. குறி இல்லாமல் 30+32/2*50 என்று அடித்தால் 830. பாதி மனை காணாமல் போய்விடும். இந்தச் சராசரிக் கணக்குகூட ஏறக்குறைய நேரான மனைக்குத்தான். கோணலான மனைக்கு அளவரை (சர்வேயரை) கூப்பிடுவதே சரி.

3. அடி, அங்குலம்: புள்ளி வைக்கவே வைக்காதீர்கள்

ஒரு அடிக்கு 12 அங்குலம். தசமப் புள்ளிக்கு அது தெரியாது, அதற்கு எல்லாம் பத்துதான். பத்தரை அடியை மேஸ்திரி 10.6 என்று எழுதுவார், கணக்குக்கு அது 10.5. 11 அங்குலத்தை .11 என்று எழுதுவார், கணக்குக்கு அது கிட்டத்தட்ட .92. அவர் எழுதுவதில் தவறில்லை. அவர்களுக்குள் அது அடி-அங்குலம்தான், யாரும் குழம்புவதில்லை. பெட்டிக்குள் நுழையும்போதுதான் பொருள் மாறிவிடுகிறது.

என் கூடத்தை நான் இப்படி அடித்திருக்க வேண்டும்:

(14+10/12)*(18+11/12)

விடை 280.597. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்து அடியோடு கூட்டுவது, அவ்வளவுதான். அப்புறம் உடைசலுக்கு 1.1 ஆல் பெருக்கி, ஒரு பெட்டியின் பரப்பால் வகுக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் ஒரு பெட்டியில் நான்கு இருந்தால் 16 சதுர அடி. 280.597*1.1/16 என்றால் 19.29. அதாவது 20 பெட்டி. புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு சின்ன எண் வந்தாலும் மேல் முழு எண்ணுக்குப் போய்விடுங்கள். பேட்ச் மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் ஜன்னலோரத்தில் பார்க்கிறேனே.

இதே தப்பு உயரத்திலும் நடக்கும். படிவத்தில் சென்டிமீட்டர் கேட்பார்கள். 5 அடி 6 அங்குலம் என்பது 167.64 சென்டிமீட்டர். 5.6 அடி என்று அடித்தால் 170.69 வரும். வரன் பார்க்கும் இடத்தில் அந்த மூன்று சென்டிமீட்டர் லாபமாக இருக்கலாம், தளத்தின் உயரத்தில் அப்படி இல்லை.

4. அலகு மாற்றுவது

அமைப்பு எளிது: எண், இருக்கும் அலகு, நடுவில் ‘இன்’, வேண்டிய அலகு. உதாரணம்: 30 ஃபீட் இன் மீட்டர்ஸ். நான் இங்கே தமிழில் எழுதுவதை நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், பெட்டிக்கு அதுதான் தடுமாறாமல் புரிகிறது. விடை வந்தபின் இரண்டு கட்டத்திலும் அலகை மாற்றிக்கொள்ளலாம், எண்ணையும் மாற்றலாம். மேலே உள்ள பட்டியலில் நீளம், பரப்பு, கன அளவு, எடை, வெப்பநிலை, வேகம் எல்லாம் இருக்கும்.

கீழே சூத்திரம் என்று ஒரு வரி காட்டும். அதில் ‘தோராயமான விடைக்கு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருந்தால், அங்கே உள்ள எண் சுருக்கப்பட்டது. கட்டத்தில் உள்ள விடையை எடுங்கள், சூத்திர எண்ணை நோட்டில் எழுதிப் பெரிய பரப்புக்குப் பெருக்காதீர்கள்.

ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உண்டு. வெறுமனே கேலன் என்றால் அமெரிக்க கேலன், 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். டன்னிலும் மெட்ரிக் 1000 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ. நம் கம்பியும் ஜல்லியும் மெட்ரிக்கில்தான் வருகின்றன, கட்டத்தில் எந்த டன் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எடையைக் கன அளவாக மாற்றச் சொன்னால் மாற்றாது. ஒரு டன் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) எத்தனை கன அடி என்பது அதன் ஈரத்தைப் பொறுத்தது. அதை எந்தப் பெட்டியிடமும் கேட்டுப் பயனில்லை.

5. பட்டாவிலிருந்து சென்டுக்கு

இங்கேதான் அதிக நேரம் செலவழியுங்கள், பணம் பெரிது.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பேச்சில் சென்ட், கிரவுண்ட். எங்கள் காவிரிப் பக்கம் கிழவர்கள் இன்னும் குழி, மா என்பார்கள். கூகுளின் பரப்புப் பட்டியலில் ஹெக்டேர், ஏக்கர், சதுர அடி, சதுர மீட்டர் போன்றவை உண்டு. சென்டும் கிரவுண்டும் இல்லை. சென்ட் என்று அடித்தால் அதைக் காசு என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது. அதனால் ஏக்கர் வழியாகப் போக வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 100 சென்ட், 43,560 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். ஒரு ஹெக்டேர் 100 ஏர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர்.

பட்டாவில் 0 - 12.50 என்று இருந்தால் ஹெக்டேர் பூஜ்யம், ஏர் 12.50. நூறால் வகுத்தால் 0.125 ஹெக்டேர். பெட்டியில் 0.125 ஹெக்டேர் இன் ஏக்கர்ஸ். விடை 0.3089, நூறால் பெருக்கினால் 30.89 சென்ட்.

பள்ளம் எங்கே என்றால், 0 - 02.50 என்று இருக்கும் சின்ன மனையில். அவசரத்தில் 0.25 ஹெக்டேர் என்று அடித்துவிடுவோம். சரியானது 0.025. முதலாவது கிட்டத்தட்ட 62 சென்ட், இரண்டாவது 6.18 சென்ட். இவ்வளவு பெரிய வித்தியாசம் கண்ணில் படாதா என்று நினைக்கலாம். ஐந்தாறு சர்வே எண்களைக் கூட்டும்போது அது உள்ளே ஒளிந்துகொள்ளும், பட்டியலே நீளமாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக மாற்றிவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.

குழிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. 144*100/435.6 என்று போட்டால் 33.06 சென்ட், மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். உங்கள் ஊரில் குழியை எத்தனை அடி நீளக் கோலால் அளப்பார்கள் என்று கேட்காமல் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டாவில் 30.89 வந்து, பத்திரத்தில் 31 சென்ட் என்று இருந்தால் பதறத் தேவையில்லை, முழு எண்ணாக்கி எழுதியிருப்பார்கள். 34 என்று இருந்தால் முன்பணத்தை நிறுத்திவிட்டுப் புல வரைபடத்தைக் கேளுங்கள்.

6. பத்திரச் செலவும் வரியும்

தமிழ்நாடு பதிவுத் துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) பார்க்கும்போது பிரிட்டிஷ் அளவுக்கு ஒரு மதிப்பும், மெட்ரிக் அளவுக்கு ஒரு மதிப்பும் காட்டும். மனைக்கு ஒன்று சதுர அடிக்கு, மற்றது சதுர மீட்டருக்கு. ஒரு சதுர மீட்டரில் 10.76 சதுர அடி இருக்கிறது. சதுர மீட்டர் மதிப்பை எடுத்துச் சதுர அடியால் பெருக்கினால் பத்து மடங்குக்கு மேல் வீங்கும். என் மைத்துனர் அப்படிப் போட்டுவிட்டு, மனையே வேண்டாம் என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து சென்ட், சதுர அடிக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5*435.6*600 என்றால் 13,06,800. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் என்று கொண்டால் 1306800*9/100, அதாவது 1,17,612 ரூபாய். விகிதம் அவ்வப்போது மாறும், சலுகைகளும் உண்டு. பதிவுக்கு டோக்கன் போடும் வாரத்தில் பத்திர எழுத்தரிடம் கேட்டுவிட்டு அந்த எண்ணைப் போடுங்கள்.

சதவீதக் குறியை நான் பெரும்பாலும் தொடுவதில்லை. 18 சதவீத வரியைக் கூட்ட வேண்டுமானால் 1.18 ஆல் பெருக்குவேன், எடுக்க வேண்டுமானால் 1.18 ஆல் வகுப்பேன். 1,180 ரூபாய் விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது என்றால் அடிப்படை விலை 1180/1.18, அதாவது 1,000. 1180-இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 967.60 வரும், அது தப்பு. விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது ஒருவர் வரி சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் தந்திருப்பார், எல்லாவற்றையும் வரியில்லா விலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தேதியையும் பாருங்கள். சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்புள்ளியை வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டாம்.

7. தளமும் கம்பியும்

பெட்டிக்கு அலகோடு பெருக்கவும் தெரியும். 20 ஃபீட் * 30 ஃபீட் * 5 இஞ்சஸ் இன் கியூபிக் மீட்டர்ஸ் என்று ஒரே வரியில் அடித்தால் 7.08 கன மீட்டர் வரும். இது 250 கன அடி. ரெடிமிக்ஸ் (கலந்தே வண்டியில் வரும் கான்கிரீட்) கன மீட்டரில் விற்கிறது, மணல் யூனிட்டில் விற்கிறது. ஒரு யூனிட் 100 கன அடி, அது பெட்டிக்குத் தெரியாத சொல்.

தளத்தின் கன அளவை மட்டும்தான் இது சொல்லும். கீழே இறங்கும் பீம்களைத் தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். ரெடிமிக்ஸ் வண்டி பெரும்பாலும் 6 கன மீட்டர் கொள்ளும், ஆகவே இந்தத் தளத்துக்கு இரண்டு வண்டி. இரண்டாவது வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். எங்களுக்கு வந்த இரண்டாவது வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். முதல் வண்டி கொட்டியது இறுகிக்கொண்டிருக்க, ஆட்கள் சாரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பிக்கு எளிய சூத்திரம்: விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கமாக்கி 162 ஆல் வகுத்தால், மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் 12^2/162*12, விடை 10.67 கிலோ. எடைச் சீட்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம் முன்பின் இருப்பது சகஜம், அரை கிலோவுக்கு மேல் குறைந்தால் கேளுங்கள்.

8. கடன் தவணை

20 லட்சம் கடன், ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு, அதாவது 240 மாதம். இப்படி அடிக்க வேண்டும்:

2000000*(0.085/12)*(1+0.085/12)^240/((1+0.085/12)^240-1)

மாதத் தவணை 17,356 ரூபாய் சொச்சம். 240 ஆல் பெருக்கினால் மொத்தம் கட்டுவது 41.65 லட்சம் என்று தெரியும். தெரியாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைசிப் பகுதியில் இரட்டை அடைப்புக்குறி இருக்கிறதே, அதில் வெளிக் குறியை விட்டுவிட்டால் 14,165.67 என்று வரும். பார்க்க நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. அது வெறும் முதல் மாத வட்டியில் ஒரு ரூபாய் கழித்தது. அசலில் ஒரு பைசா அடையாது. உங்கள் விடை வங்கி சொல்வதோடு சில ரூபாய்க்குள் பொருந்த வேண்டும். ஆயிரக்கணக்கில் விலகினால் முதலில் உங்கள் அடைப்புக்குறியைப் பாருங்கள், அப்புறம் வங்கி காப்பீட்டுத் தொகை எதையாவது கடனோடு சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள்.

9. வெளியூரிலிருந்து வரும் பணம், நகை

தம்பி சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறான் என்றால் வெறுமனே டாலர் என்று அடிக்காதீர்கள், அமெரிக்க டாலரைக் காட்டிவிடும். சிங்கப்பூர் டாலர் என்று முழுதாக அடியுங்கள். காட்டுவது சந்தையின் நடு விகிதம், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. வங்கியோ பணம் அனுப்பும் நிறுவனமோ அதற்குக் கீழேதான் தரும், கட்டணமும் பிடிக்கும். கையில் எவ்வளவு வரும் என்பதை அனுப்புகிறவர் திரையில் பார்த்துச் சொன்ன பிறகே மேஸ்திரிக்கு வாக்குக் கொடுங்கள்.

இந்த விகிதம் சில சமயம் மொத்தமாகவே தப்பாகவும் காட்டும். 2024 புத்தாண்டு நாளில் போலந்து நாணயமான ஸ்லாட்டி தடாலென்று சரிந்துவிட்டதுபோல கூகுள் காட்டியது. தரவில் வந்த பிழை. பதற வேண்டாம் என்று அந்நாட்டு நிதி அமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று. விடுமுறை நாளில் வந்த விசித்திரமான எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நகையை வைத்துக் கட்டுபவர்களுக்கு ஒரு வரி. உலகச் சந்தையில் தங்கம் டிராய் அவுன்ஸ் கணக்கு, 31.1035 கிராம். பெட்டியில் வெறும் அவுன்ஸ் என்று அடித்தால் 28.35 கிராம் என்று எடுத்துக்கொள்ளும். டிராய் அவுன்ஸ் என்றே அடித்து, வரும் கிராமை 8 ஆல் வகுத்தால் 3.89 பவுன்.

10. முடிந்தவுடன் செய்ய வேண்டியது

கணக்கு வரியும் விடையும் சேர்ந்து தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விடையை மட்டும் நோட்டில் எழுதினால், ஒரு மாதம் கழித்து அது எதிலிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது. பக்கத்திலேயே அலகையும் தேதியையும் எழுதுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் அந்த ஸ்கிரீன்ஷாட்டை மேஸ்திரியிடம் காட்டுங்கள். அவர் சூத்திரத்தைப் பார்க்க மாட்டார், கடைசி எண்ணைப் பார்த்து, “இந்தக் கூடத்துக்கு 18 பெட்டி பத்தாதே சார்” என்பார். நான் காட்டியிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.